பயிரின் பருவமும் பசலியின் கணக்கும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் வரை உள்ள தொலைவு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். ஆயினும் அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் நிலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடி உயர்ந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,700 அடி உயரத்திலும், ஒசூர் ஏறக்குறைய 2,900 அடி உயரத்திலும் உள்ளன. ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர், ஒரே வரிப்பதிவேடு. ஆனால் பயிரின் பார்வையில் இவை இரண்டு தேசங்கள்.

பழைய ஆட்சியாளர்கள் இந்த உண்மையை ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்தார்கள். சேலம் மாவட்டமாக இருந்த நாளில் இப்பெருநிலம் தாலகாட், பாராமகால், பாலாகாட் என மூன்றாகப் பகுக்கப்பட்டிருந்தது. ‘பாலா’ என்பது பாரசீகச் சொல்; மேலே என்று பொருள். கணவாய்க்கு மேலுள்ள ஒசூர் வட்டாரமே பாலாகாட். ‘பாரா’ என்பது பன்னிரண்டு. ‘மஹல்’ அரபு மூலத்துச் சொல், இடம் என்பது அதன் அடிப்பொருள். பன்னிரு கோட்டைகளும் அவற்றைச் சார்ந்த நிலங்களும் சேர்ந்தது பாராமகால். கிருஷ்ணகிரி அதன் நடுநாயகம். உயரத்தை வைத்து நிலத்தைப் பிரித்தவர்கள், உயரத்தை வைத்துத் தண்ணீரையும் குளிரையும் விளைச்சலையும் பிரித்தறிந்தவர்களே. இந்த அறிவு பெயரில் நின்றதா, வரிக்கணக்கிலும் ஏறியதா என்பதுதான் நாம் இங்கே ஆராய விரும்புவது.

பயிர் விதையினால் மட்டும் விளைவதில்லை. வெப்பம், ஒளி, மழை, காற்றின் ஈரம், மண், இவற்றோடு காலம் ஆகிய அனைத்தும் ஒருங்கே கூடினாலன்றிக் கதிர் முற்றாது. இவற்றுள் எது குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்பிரெங்கலும் அவருக்குப் பின் லீபிக்கும் மண்ணின் சத்துகளை வைத்து நிறுவினார்கள். பலகைகளால் கட்டிய பீப்பாயில் ஒரு பலகை குட்டையாக இருந்தால், மற்றவை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தண்ணீர் அந்தக் குட்டைப் பலகையின் மட்டத்துக்கு மேல் நிற்காது. நம் பாராமகால் உழவனுக்கு இந்தக் குட்டைப் பலகை பெரும்பாலும் மழை. பாலாகாட் உழவனுக்கோ சில ஆண்டுகளில் மழை, சில ஆண்டுகளில் குளிர்.

உயரம் ஏற ஏற வெப்பம் குறைகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரி ஆறரை டிகிரி என்பது பொதுக்கணக்கு. அப்படியாயின் கிருஷ்ணகிரிக்கும் ஒசூருக்கும் இடையே இரண்டு முதல் இரண்டரை டிகிரி வேறுபாடு உண்டாகிறது. மனிதன் இதனை ஒரு மெல்லிய போர்வையால் சரிசெய்து கொள்வான். பயிருக்கு அது வாழ்நாளையே மாற்றும் வேறுபாடு. வெப்பம் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், பூப்பது தள்ளிப்போகும், கதிர் முற்ற அதிக நாள் பிடிக்கும். அதே சமயம் இரவு குளிர்ந்திருந்தால், பகலில் இலை சேர்த்த மாவுப்பொருளைச் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடாமல் மிச்சம் பிடிக்கிறது.

மாமரத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியின் பெயரை வெளிநாடுகளுக்குக் கொண்டு சென்றது மாம்பழமும் அதன் கூழுமே. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் தோத்தாபுரி இனமே கூழ் ஆலைகளின் உயிர். இம்மரம் பூப்பதற்கு மார்கழி, தை மாதங்களில் குளிர்ந்த இரவும் வறண்ட வானமும் வேண்டும். ஈரமும் வெப்பமும் மிகுந்தால் மரம் பூவை மறந்து தளிர் விடுகிறது. பூத்தபின் மூடுபனி கவிந்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூங்கொத்தைக் கருக்குகின்றன. அப்பால் காய் பருக்க நல்ல வெயில் வேண்டும். ஆக, குளிரும் வேண்டும்; அது நீடிக்கவும் கூடாது. கிருஷ்ணகிரியின் உயரம் இந்த இரண்டுக்கும் நடுவே பொருந்தி நிற்கிறது. வணிக நோக்கில் மா வளர்ப்போர் 600 மீட்டருக்கு மேல் ஏறத் தயங்குவதன் காரணமும் இதுவே. சாலையில் சூளகிரியைத் தாண்டியதும் மாந்தோப்பு மெல்லக் குறைந்து, கேழ்வரகும் மல்பெரியும் காய்கறியும் கண்ணில் நிறைவதை யாரும் காணலாம்.

ஒளியின் ஆட்சி இன்னும் நுட்பமானது. ஒசூர் அமைந்துள்ள வடக்கு 12 டிகிரி 44 நிமிட அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நம் மண்ணின் பழைய அவரை இனம் அதைத் துல்லியமாக எண்ணுகிறது. ஆடியில் கேழ்வரகோடு கலந்து விதைத்தாலும் அது அவசரப்படுவதில்லை. கேழ்வரகு அறுவடையாகும்வரை கொடியாகவே படர்ந்திருந்து, பகல் சுருங்கிய பிறகே பூக்கிறது. மார்கழிப் பனியில் காய்த்த அவரைக்கு மணம் அதிகம் என்பது இவ்வட்டாரத்தார் அனைவரும் ஒப்பும் செய்தி. பகலின் நீளமே செடியைப் பூக்க வைக்கிறது என்பதனை அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியை ஆய்ந்து 1920-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு முன்னரே கேழ்வரகையும் அவரையையும் ஒரே சாலில் போட்டு, இரண்டையும் வெவ்வேறு மாதத்தில் அறுத்த நம் உழவன் அதற்குப் பெயரிடவில்லை, பயன்படுத்தினான்.

கேழ்வரகு நமக்கு ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலங்களிலிருந்து வந்த விருந்தாளி. மேட்டில் பிறந்தது ஆகையால் பாலாகாட் அதற்குத் தாய்வீடு போலாயிற்று. செம்மண்ணின் குறைந்த சத்திலும் அது பிழைத்துக்கொள்ளும். இடையில் மழை நின்றால் வாடி, மீண்டும் மழை கண்டதும் தலை நிமிரும். ஆனால் கதிர் வாங்கும் நேரத்தில் இரண்டு வாரம் வானம் பொய்த்தால் அதனாலும் ஈடு கொடுக்க இயலாது. அதே நேரத்தில் விடாத தூறலும் குளிரும் சேர்ந்தாலோ குலைநோய் பற்றிக்கொள்ளும். மழை முற்றும் தவறிய ஆண்டில் புரட்டாசியில் கொள்ளை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது கடைசி வழி. கிருஷ்ணகிரியை அடுத்த பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகிலும் கொள்ளிலும் தன் ஊர்ப்பெயர் தாங்கிய இனங்களை வெளியிட்டிருப்பது, இந்த மானாவாரி வாழ்வு இன்னும் ஓயவில்லை என்பதற்குச் சான்று.

உயரத்துக்கு ஏற்ப உழவின் நாட்காட்டி மாறும் என்பதை எழுத்தில் வைத்த ஓர் அரசரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். யமன் நாட்டை ஆண்ட ரசூலித் மரபின் அல்-மலிக் அல்-அஷ்ரஃப் உமர், தாம் அரியணை ஏறுமுன்பே, 1271-ஆம் ஆண்டையொட்டி வானியல் நூலொன்றில் உழவுப் பஞ்சாங்கம் ஒன்றைச் சேர்த்தார். கடற்கரைத் திஹாமா சமவெளியும் வானளாவும் மலைப்படிகளும் ஒரே அரசின் கீழ் இருந்த நாடு அது. எங்கே எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்பவற்றை அவர் குறித்து வைத்தார். அதற்கும் முன்னர் தொலேதோவின் இப்னு பஸ்ஸால் 11-ஆம் நூற்றாண்டில் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்தார். அடுத்த நூற்றாண்டில் செவில்லியின் இப்னுல் அவ்வாம் தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் நூற்றுக்கணக்கான செடிகளை விவரித்தார். நம் அரபு மதரசாக்களில் நஹ்வும் ஸர்ஃபும் ஓதிய தலைமுறைகளுக்கு இந்நூல்களின் பெயர்கூட எட்டவில்லை என்பது ஒரு குறைதான். அதை வேறொரு சமயம் பேசலாம்.

இனிக் கணக்கின் வரலாற்றுக்கு வருவோம். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. 354 நாள் கொண்டது. சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. ரபீஉ என்றால் வசந்தம். ஜுமாதா என்ற பெயரில் உறைதலின் வேர் இருக்கிறது. ரமளானில் சுடு வெப்பத்தின் வேர். மாதங்கள் பெயர்பெற்ற காலத்துப் பருவம் பெயரில் தங்கிவிட்டது. மாதமோ ஆண்டு முழுவதும் சுற்றி வருகிறது. வணக்கத்துக்கு இது அழகு. வரிவசூலுக்கு ஒவ்வாது. முப்பத்திரண்டு அறுவடைக்குள் முப்பத்து மூன்று சந்திர ஆண்டுகள் கடந்துவிடும். ஆண்டுக்கொரு வரி என்றால் விளையாத ஒரு விளைச்சலுக்கும் உழவன் வரி செலுத்த நேரும்.

பாக்தாதில் இதே சிக்கல் வேறு உருவில் எழுந்தது. நிலவரி பாரசீக நவ்ரூஸை ஒட்டி வசூலிக்கப்பட்டது. மிகுநாள் சேர்க்கும் வழக்கம் நின்றுபோனதால் நவ்ரூஸ் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து, பயிர் பச்சையாக நிற்கும்போதே வரி கேட்கும் நாளாகிவிட்டது. கலீபா முதவக்கில் அதைத் திருத்த முனைந்தார். நிறைவேறுமுன் அவர் கொல்லப்பட்டார். ஹிஜ்ரி 282-இல், அதாவது 895-இல், கலீபா முஃததித் வரிநாளை ஜூன் 11-க்குத் தள்ளிவைத்தார். அல்பீரூனி இதை விரிவாக எழுதியிருக்கிறார். பயிர் முற்றும் நாளுக்காக ஒரு பேரரசு தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்ட இச்செய்தி, போர்க்களங்களுக்கு வரலாற்று நூல்கள் தரும் இடத்தில் பாதியைக்கூடப் பெறவில்லை.

இந்தியாவில் அக்பர் காலத்தில் பிறந்து, ஷாஜஹான் நாளில் 1636-ஐ ஒட்டித் தக்காணத்துக்கு வந்தது பசலி ஆண்டு. ‘ஃபஸ்ல்’ என்றால் பருவம். ஹிஜ்ரி 1046 என்ற எண்ணையே எடுத்துக்கொண்டு, அன்று முதல் அதைச் சூரியனின் போக்கில் நடக்கவிட்டார்கள். 2025 ஜூலை முதல் தேதி பசலி 1435 தொடங்கிற்று. அப்போது ஹிஜ்ரி 1447 பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. இரண்டுக்கும் இடையே விழுந்திருக்கும் பன்னிரண்டு என்ற வேறுபாடு, உழவன் கட்டாமல் தப்பிய பன்னிரண்டு ஆண்டு வரிக்குச் சமம். சென்னை மாகாணத்தில் ஆடி முதல் நாளை ஒட்டித் தொடங்கிய பசலி, 1855 முதல் ஜூலை முதல் நாளுக்கு மாற்றப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும், ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியும் இன்றும் இந்தப் பசலியில்தான் எழுதப்படுகின்றன. கிஸ்தி, தாசில், வசூல், கரீப், ரபீ என்று அரபு வேர்கள் நம் உழவர் நாவில் புழங்குவது இவ்வழியாகத்தான். ‘கரீஃப்’ என்பது அரபியில் இலையுதிர்காலம். கனி பறித்தல் என்னும் வேரிலிருந்து வந்தது.

காலத்தைச் சரிசெய்தது ஒரு பாதி. மறுபாதி, வரியை எதன்மேல் விதிப்பது என்னும் வினா. நிலத்தை அளந்து நிலையான தொகை விதிப்பது ‘வழீஃபா’. விளைந்ததில் பங்கு கேட்பது ‘முகாஸமா’. கலீபா ஹாரூன் ரஷீதுக்காகக் ‘கிதாபுல் கராஜ்’ எழுதிய இமாம் அபூயூசுஃப், அளந்து விதிக்கும் முறையைவிடப் பங்கு முறையே தகும் என்று பரிந்துரைத்தார். வானமும் விலையும் மாறிக்கொண்டேயிருக்க, வரி மட்டும் மாறாமல் நிற்பது ஒருசமயம் உழவனையும் மற்றொரு சமயம் கருவூலத்தையும் கெடுக்கும் என்பதே அதன் உட்பொருள். உஷ்ர் என்னும் விளைச்சல் தர்மத்திலும் இந்தச் சூழலறிவு இருக்கிறது. மழையால் விளைந்தால் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று. தண்ணீர் வந்த வழியைக் கேட்ட பிறகே பங்கு எவ்வளவு என்று சொல்லப்படுகிறது.

இந்த அளவுகோலோடு பாராமகாலுக்குத் திரும்புவோம். 1767-க்கும் 1792-க்கும் இடையே மூன்று மைசூர்ப் போர்களின் சுமை இந்நிலத்தின் மேல் விழுந்தது. ஹைதர் அலி 1760-இல் பெங்களூரில் லால்பாக் தோட்டம் அமைத்ததையும், திப்பு சுல்தான் மைசூரில் பட்டு வளர்ப்பைப் புகுத்தியதையும் நாம் பெருமையோடு பேசுகிறோம். திப்புவின் பாரசீக வரிவிதிகளைப் பரிஷ் கிரிஸ்ப் ஆங்கிலமாக்கி 1792-இல் வெளியிட்டார். வறிய குடிகளுக்கு ஏர் வாங்கத் ‘தகாவி’ முன்பணம் தருவதும், குற்றத்துக்குத் தண்டமாக மாவும் வாதாமும் நட்டு நீர் ஊற்றி வளர்க்கச் செய்வதும் அவற்றில் உண்டு. ஆயினும் அவர் காலத்தில் எல்லாம் செழித்திருந்தது என்று எழுதிவிடுவது நேர்மையாகாது. படை நடந்த பாதையில் ஏரி உடைந்தால் கட்டுவோரில்லை. விதி நூலில் இருந்தது வயலில் எவ்வளவு நடந்தது என்பதை எழுத்து மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் தாலகாட்டும் கம்பெனியின் கைக்கு வந்தன. ஒசூர் வட்டாரமாகிய பாலாகாட் திப்பு வீழ்ந்த 1799-இல்தான் வந்து சேர்ந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த மன்றோ, கிரஹாம், மெக்லியாட் ஆகியோரும் வயல் வயலாக அளந்து, குடியானவனோடு நேராகக் கணக்கு வைத்தார்கள். இதுவே ரயத்துவாரி. ‘ரஇய்யத்’ என்னும் சொல் மேய்த்துக் காக்கும் பொருளுடைய வேரில் பிறந்தது. காக்கப்படுவோர் என்று பொருள். இடைத்தரகர் நீங்கியது நன்மை. ஆனால் வரி வயலின் மேல் நின்றது, விளைச்சலின் மேலன்று. பழைய சொல்லில் கூறினால் இது முகாஸமா அன்று, வழீஃபா. நஞ்செயில் தண்ணீர் வராத ஆண்டில் தள்ளுபடி கிடைக்க வழியிருந்தது. புஞ்செய்ப் பயிர் கருகினால் அந்தச் சலுகை பொதுவாக இல்லை. வானத்தை நம்பியவனுக்குத்தான் வானம் பொய்த்தபோது இளக்கம் குறைவு! நல்ல ஆண்டின் மிச்சம் கெட்ட ஆண்டின் குறையை நிரப்பும் என்பது அம்முறையின் நம்பிக்கை. மிச்சம் நிற்குமளவு வரி குறைவாக இருந்தால் அது பலிக்கும். மன்றோவே 1807-இல், தாம் பின்னர் நிர்வகித்த கடப்பை, பெல்லாரிப் பகுதிகளுக்கு, வரியில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டும் என்று எழுதினார்.

மிச்சமில்லாத உழவனை 1876 சோதித்தது. அவ்வாண்டு பருவமழை தவறியது. அடுத்த ஆண்டும் காலத்தில் பெய்யவில்லை. பசிபிக் கடல்நீர் அளவுமீறிச் சூடாகும் எல் நினோவின் மிகக் கடுமையான நிகழ்வுகளுள் ஒன்று 1877-இல் நேர்ந்தது என்பது இன்றைய அறிவு. அன்று ஒசூரில் கருகிய கேழ்வரகுக்கும் பெரு நாட்டுக் கடலுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் கனவிலும் எண்ணியிருக்க முடியாது. ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, ஊத்தங்கரை அனைத்தையும் உள்ளடக்கிய சேலம் மாவட்டத்தில் 1871-இல் 19,66,995 பேர் இருந்தார்கள். 1881-இல் எண்ணியபோது இருந்தவர்கள் 15,99,595 பேர். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்தார்கள். எல்லோரும் மாண்டவர்கள் அல்லர். ஊரைவிட்டுப் போனோரும் இதில் உண்டு. ஆனால் பத்தாண்டில் பிறந்த குழந்தைகளையெல்லாம் சேர்த்த பிறகும் இக்குறை நிற்கிறது என்பதை மறக்கலாகாது. மழை தவறியதால் பயிர் அழிந்தது. ஆனால் சேமிப்பில்லாமலும், வாங்கப் பணமில்லாமலும் மனிதன் அழிந்ததற்கு மழையை மட்டும் காரணம் கூறித் தப்ப முடியாது.

அந்தப் பாலாகாட் இன்று ஆலைகளின் நாடு. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஒசூரைத் தேர்ந்தது. அடுத்த பதினைந்தாண்டுக்குள் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே உருவாகத் தொடங்கின. பெங்களூரின் அண்மையும் குளிர்ந்த காற்றும் பயிருக்கு உதவியதுபோல் ஆலைக்கும் உதவின. அதே குளிர்தான் பட்டுப்புழுவையும் இங்கே நிறுத்தியது. புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பமும் நல்ல ஈரமும் வேண்டும். வெண்பட்டு தரும் பைவோல்டின் இனம் கடும் வெயிலைத் தாங்காது. மத்தியப் பட்டு வாரியத்தின் மல்பெரி, பட்டுப்புழு இனங்களைக் காக்கும் மையம் ஒசூரில் அமைந்ததில் வியப்பில்லை. அமுதகொண்டபள்ளியில் டிட்கோவின் பங்கோடு எழுந்த டான்ஃப்ளோரா பூங்காவின் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்கிறது. பகலில் 28 டிகிரிக்கு உட்பட்ட வெப்பம், இரவில் 15 முதல் 18 வரை என்பது அம்மலரின் கோரிக்கை. கூரை வெயிலை வடிகட்டுகிறது. குழாய் துளித்துளியாக நீரும் உரமும் தருகிறது. பிப்ரவரியில் எந்த நாளில் பூக்கவேண்டும் என்று கணக்கிட்டுக் கவாத்து செய்கிறார்கள். பணமுள்ளவன் குட்டைப் பலகை ஒவ்வொன்றையும் உயர்த்திக்கொள்ள முடிகிறது.

வேலிக்கு அப்பால் நிற்கும் மானாவாரிக்காரனிடம் அந்தப் பலகைகள் இல்லை. அவனுக்குப் புதிதாக வந்திருப்பது தண்ணீரின் குணக்கேடு. நந்தி மலைப்பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் ஏந்திக்கொண்டு ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை பெருகித் தண்ணீர் திறக்கும்போது ஆற்றில் வெண்ணுரை மலைபோல் குவிவதைப் பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்கள் படம்பிடித்து வருகின்றன. நகரக் கழிவில் தழைச்சத்து உண்டு. பயிர் கரும்பச்சையாகத் தழைப்பதைக் கண்டு ஏமாறுவோரும் உண்டு. தழை மிகுந்தால் முற்றுதல் தாமதமாகும், பூச்சி சேரும். சலவைப்பொருளோடு வரும் சோடியம் மண்ணின் பொலபொலப்பைக் கெடுத்து, நீர் இறங்காமல் மேலே கட்டிப்போகச் செய்யும். குறைவது மட்டுமன்றி மிகுவதும் பயிரைக் கட்டுப்படுத்தும் என்பதை லீபிக்கின் பீப்பாய் காட்டுவதில்லை.

2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் விளைச்சலையே பார்க்கிறது. அந்த அளவில் அது முகாஸமாவின் பக்கம் வந்திருக்கிறது எனலாம். ஆனால் அது பொதுவாகத் தனி வயலைப் பார்ப்பதில்லை. ஒரு பகுதியில் சில இடங்களில் அறுத்து எடைபோட்டு, அதன் சராசரியை எல்லோருக்கும் பொருத்துகிறது. கணவாய் ஏறும் நாட்டில் சராசரி என்பது ஆபத்தான சொல். மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும், ஏரிக்கு மேலுள்ளவனுக்கும் கீழுள்ளவனுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? ஃபெஞ்சல் புயல் கரைகடந்த பின், 2024 டிசம்பர் 2-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் ஓராண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது ஒரே நாளில், ஒரு மூலையில் கொட்டித் தீர்ந்தது. அதே மாவட்டத்தின் மேற்கு மேட்டில் அத்தகைய மழையில்லை. அவ்வாண்டின் மழைக்கணக்கை மாவட்டச் சராசரியாகப் பார்ப்பவருக்கு அது நல்ல மழை பெய்த பசலியாகத் தோன்றும். ஊத்தங்கரையில் வயலில் மணல் மூடியவனும், ஒசூரில் வழக்கம்போல் அவரை பறித்தவனும் அந்த ஓர் எண்ணுக்குள் ஒருங்கே அடங்கியிருக்கிறார்கள்.